வீட்டில் இரண்டு கணினி இருந்தால் மெயிலை எப்படிப் பகிரக் கூடாது

நாச்சியார்கோயிலில் என் மாமா வீட்டில் கீழே குத்துவிளக்குக் கடை, மாடியில் குடும்பம். கடையில் ஒரு கணினி, மாடியில் அத்தையின் லேப்டாப். எத்தனை அடி விளக்கு, எத்தனை ஜோடி, உச்சியில் அன்னம் வேண்டுமா என்று ஆர்டர்கள் மெயிலில்தான் வரும். மாமா பார்ப்பதை அத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காக, மெயில் நிரலான அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பை (மெயில்களையெல்லாம் சேர்த்து வைக்கும் கோப்பு) கடைக் கணினியில் ஒரு பகிர்வு ஃபோல்டரில் வைத்து, மாடியிலிருந்து வைஃபை வழியாகத் திறந்துவந்தார்கள். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மறுநாள் கோப்பு திறக்கவே இல்லை. அவுட்லுக்கோடு வரும் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டியும் பாதி மெயில்தான் மீண்டது.

கெட்ட நேரம் என்று விட்டுவிட முடியாது. அந்த ஏற்பாடே தவறு. ஒரு போட்டோவைத் திறந்தால் கணினி அதை ஒருமுறை படித்துவிட்டு விட்டுவிடும். மெயில் கோப்பு அப்படியில்லை. நீங்கள் ஒரு மெயிலைப் படித்தாலே அதற்குள் பல இடங்களில் எழுதப்படும். நடுவில் வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் பாதி எழுதியது பாதியாகவே நிற்கும். பிஎஸ்டி கோப்பை நெட்வொர்க் வழியாகத் திறந்து வேலை செய்வதை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலில் மெயிலும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரையும் இரண்டு கணினிக்குப் பொதுவாக வைக்காதீர்கள். ஒருவர் திறந்திருக்கும்போது இன்னொருவர் திறக்க முடியாதபடி அது பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை அழித்துவிட்டு உள்ளே போவது இன்னும் மோசம்.

மெயிலைப் பகிர வேண்டிய இடம் சர்வர், அதாவது மெயில் சேவை தருபவரின் கணினி. இரண்டு கணினியிலும் அதே கணக்கை ஐமேப் முறையில், அதாவது மெயில் சர்வரிலேயே இருக்க எல்லாக் கணினியும் அதையே பார்க்கும் முறையில், சேர்த்தால் போதும். போர்ட் (இணைப்பு எண்) கேட்டால், பாதுகாப்பான இணைப்புக்கு 993. ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். பலர் இங்கே மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதில் கடைக் கணினி மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்கிவிடலாம், மாடியில் இன்பாக்ஸ் காலியாக இருக்கும். சர்வரிலும் பிரதி இருக்கட்டும் என்று அமைத்தாலும், அனுப்பிய பதில் அனுப்பிய கணினியிலேயே தங்கிவிடும். வாடிக்கையாளருக்கு மாமா விலை சொன்னாரா இல்லையா என்று அத்தைக்குத் தெரியாது. வியாபாரத்தில் இது பெரிய தலைவலி.

ஐமேப்பை பேக்கப் என்று நினைப்பதும் ஆபத்து. ஒரு கணினியில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும். மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

அப்புறம், மென்பொருள். கடைக் கணினியில் நிறுவிய நிரலின் ஐகானை மாடிக்குக் காப்பி செய்தால் ஓடாது. நிறுவும்போது அது விண்டோஸ் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் வேறு ஃபோல்டர்களிலும் தனக்கு வேண்டியதை எழுதியிருக்கும். நிறுவும் கோப்பைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொரு கணினியிலும் தனியாக நிறுவுங்கள். உரிமத்தையும் பாருங்கள். கணக்கு எழுதும் நிரலான டேலி பிரைமில் சில்வர் உரிமம் ஒருவருக்குத்தான். ஒரே நேரத்தில் இரண்டு கணினியில் கணக்கு எழுதக் கோல்டு வேண்டும்.

படம், பில், விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் ‘எல்லோருக்கும் முழு உரிமை’ என்று திறந்துவிட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். விண்டோஸில் கோப்பு பகிரும் பழைய எஸ்எம்பி 1 முறையை அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பகிர்வு திடீரென்று காணாமல் போனால், கடைக் கணினி தூங்கிவிட்டதா, அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்குத் தரப்படும் எண்) மாறியதா என்று முதலில் பாருங்கள். ஐபிக்குப் பதில் கணினியின் பெயரால் இணைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பழைய பிஎஸ்டியில் இருப்பதை என்ன செய்வது? அதைக் கணினியின் சொந்த டிஸ்க்குக்குக் காப்பி செய்து, அவுட்லுக்கில் திறந்து, மெயில்களை ஐமேப் ஃபோல்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போடுங்கள். இலவச ஜிமெயிலில் மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான், அதனால் முதலில் இடத்தைப் பாருங்கள். மாமா வீட்டில் மீண்ட பாதியை இப்படித்தான் ஏற்றினோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.