உட்காரும் முன் ஃபுல் ஹவுஸைப் பாருங்கள்

வீடியோ போக்கர் என்பது ஐந்து அட்டை தந்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒருமுறை மாற்றவிடும் சூதாட்ட மெஷின். லாஸ் வேகஸில் அதன் முன் உட்காருவதற்கு முன்னால், எந்தக் கைக்கு (ஐந்து அட்டைக்கு) எவ்வளவு என்று திரையில் காட்டும் பலகையில் நான் முதலில் பார்ப்பது இரண்டே வரிகள்: ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, வேறொரு எண்ணில் ஜோடி), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்). ஜாக் ஜோடியிலிருந்து பணம் தரும் ஜாக்ஸ் ஆர் பெட்டர் ஆட்டத்தில் ஒரு காயினுக்கு அவை 9, 6 என்று இருந்தால், பிழையில்லாமல் ஆடும்போது நீண்ட காலத்தில் போட்ட பணத்தில் 99.54 சதவீதம் திரும்பும். 8, 5 என்றால் 97.3. அட்டைகள் அதேதான், பலகைதான் வேறு.

கால் டாலர் மெஷினில் ஐந்து காயின், ஒரு கைக்கு 1.25 டாலர். மணிக்கு 600 கை ஆடினால் 750 டாலர் சுழலும். முதல் மெஷினில் சராசரி நஷ்டம் மூன்றரை டாலர், இரண்டாவதில் இருபது. சில இடங்களில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டும் இருக்கும், சோம்பல்படாமல் நடந்து பாருங்கள்.

சரி, லாபம்? 2 எல்லாம் ஜோக்கராகும் டியூசஸ் வைல்டில் ஃபோர் ஆஃப் எ கைண்டுக்கு (ஒரே எண்ணில் நாலு) 5 தரும் முழுப் பலகை 100.76 வரை போகும். இப்போது அது அபூர்வம். நாலு தந்தால் நான் எழுந்துவிடுவேன்.

ஐந்து காயினும் போடுங்கள், ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை) 4,000 காயின் அப்போதுதான். ஆனால் அது வருவது சுமார் 40,000 கைக்கு ஒருமுறை, அறுபது மணி நேரத்துக்கும் மேல். திரும்பும் மொத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது, அது வராத நாளில் நல்ல மெஷினும் பணத்தைத் தின்னும்.

அப்புறம், ஜோடி வந்தால் ஜோடியை மட்டும் வையுங்கள். கூடவே ஏஸையும் பிடித்துக்கொள்வது என் பழைய கெட்ட பழக்கம்.