ஆக்டின் பட்டை சமமாக இருக்கிறதா? அதுதான் சந்தேகம்

வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் லேன் லேனாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பழகத் தொடங்கியவர்கள் படத்தை நீட்டும்போது பெருமையோடு சொல்வது ஒன்றுதான்: "பாருங்கள், பீட்டா ஆக்டின் எல்லா லேனிலும் சமம்." எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏற்றினோம் என்பதற்குச் சாட்சியாக வைக்கும் புரதம் அது. ஒரு காலத்தில் நானும் அதையே சொல்லித் திரிந்தேன். சவ்வைக் காயவிடுவது, ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவது போன்றவை இரண்டு முறை பட்டால் தானே புரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிரம்பி வழியும் பட்டையை நம்புவது

நாம் தேடும் புரதம் அரிதானது என்பதால் லேனுக்கு 30 அல்லது 40 மைக்ரோகிராம் ஏற்றுகிறோம். ஆக்டினோ செல்லில் கொட்டிக் கிடக்கிறது. அந்த அளவில் 42 கிலோடால்டனில் தெரியும் பட்டை எளிதில் உச்சத்தைத் தொட்டுவிடும். ஒளி தரும் வினைப்பொருள் அங்கே தீர்ந்துவிடலாம், கேமராவின் பிக்சல்கள் நிரம்பிவிடலாம். அதற்கு மேல் இரு மடங்கு ஏற்றினாலும் அதே கறுப்புதான்.

மருந்து கொடுத்த செல்களில் ஒரு புரதம் பாதியாகக் குறைகிறது என்று மூன்று மாதம் நம்பியிருந்தேன். ஆக்டின் பட்டைகள் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் இருந்தன. சவ்விலுள்ள எல்லாப் புரதத்தையும் காட்டும் போன்சோ சாயத்தில் மருந்து லேன்கள் வெளிறித் தெரிந்ததைப் பார்த்தும், ஆக்டின் சரியாக இருக்கிறதே என்று கடந்துபோனேன். பிறகு ஒரே மாதிரியை 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஏற்றிப் பார்த்தேன். கடைசி மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குறைந்தது புரதமல்ல, நான் ஏற்றிய அளவு. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அந்தச் சோதனைக்கு ஒரே ஒரு ஜெல் போதும்.

ஆகவே புதிய ஆன்டிபாடி வந்தாலும், புதிய செல் வகைக்கு மாறினாலும், முதலில் இந்த வரிசையை ஓட்டுங்கள். ஏற்றியது இரட்டிக்கும்போது சமிக்ஞையும் இரட்டிக்கும் எல்லைக்குள் மட்டும் அளவிடுங்கள். எக்ஸ்போஷரைக் குறைத்தால் கேமராவின் கோளாறு மட்டுமே தீரும். சவ்வில் தீர்ந்துபோன வினைப்பொருள் திரும்பி வராது. ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்து பாருங்கள், முடிந்தால் ஏற்றும் அளவையும் குறையுங்கள். மொத்தப் புரதச் சாயத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

எல்லா ஆக்டின் ஆன்டிபாடியும் ஒன்று என்று எண்ணுவது

ஏசி-15 என்ற குளோன் (ஒரே செல் வழியிலிருந்து வரும் ஆன்டிபாடி) பீட்டா வடிவத்தின் முன்முனையைப் பற்றும். சி4 எல்லா ஆக்டின் வடிவங்களையும் பற்றும். பீட்டாவும் காமாவும் நான்கே அமினோ அமிலங்களில் வேறுபடுவதால், பெயரைப் பார்த்து வாங்காமல் குளோனைப் பார்த்து வாங்குங்கள்.

எலும்புத்தசை

அங்கே ஆள்வது ஆல்ஃபா ஆக்டின். பீட்டாவைத் தேடாதீர்கள்.

சோடியம் அசைடு

ஆன்டிபாடி கெடாமலிருக்கச் சேர்க்கும் இது, பட்டையை ஒளிரவைக்கும் எச்ஆர்பி நொதியை முடக்கிவிடும்.

எலித் திசுவில் எலி ஆன்டிபாடி

முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கச் சேர்க்கும் இரண்டாம் ஆன்டிபாடி, திசுவில் தங்கிய இரத்தத்தின் இம்யூனோகுளோபுலினையும் (எலியின் சொந்த ஆன்டிபாடியை) பிடிக்கும். இம்யூனோகுளோபுலினின் கனச்சங்கிலி 50 கிலோடால்டன் அருகே நிற்கும். ஆக்டினுக்குச் சற்று மேலே ஒரு தடித்த பட்டை தெரிந்தால், புதிய ஐசோஃபார்ம் (புரதத்தின் இன்னொரு வடிவம்) கண்டுபிடித்துவிட்டதாக ஓடி வராதீர்கள். நான் ஓடியிருக்கிறேன்.