நெல்லையில் இருந்தபடியே படக் கம்பெனி நடத்த

பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து படம் எடுக்க வழி கேட்கும் தம்பி தங்கைகள் முதலில் கேமராவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் கணக்கு எழுதுவதிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவள், அதனால் வேறொன்றைக் கேட்பேன். படப்பிடிப்பு முடிந்த மறுநாள் காலையில் உங்கள் கையில் எவ்வளவு பணம் இருக்கும்? அதற்குப் பதில் வைத்திருப்பவர் மற்றதையெல்லாம் போகப் போகக் கற்றுக்கொள்வார். சிறிய கம்பெனிகள் பெரும்பாலும் படப்பிடிப்பின்போது சாவதில்லை. எடிட்டிங், டப்பிங், ஒலிக்கலவை, தணிக்கை, விளம்பரம் என்று வரிசையாக வரும் மாதங்களில்தான், எடுத்த படத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு சாகின்றன.

ஆகவே பட்ஜெட்டைப் பின்னாலிருந்து போடுங்கள். 100 ரூபாய் இருந்தால் 55 ரூபாய்க்குள் படப்பிடிப்பை முடிக்கப் பாருங்கள். 30 ரூபாய் எடிட்டிங் முதல் தணிக்கை வரை, 15 ரூபாய் வெளியீட்டுக்கு. பின்னால் வரும் அந்த 45 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி செய்துவிடுங்கள். அந்த இருவரில் இயக்குநர் இருக்கக் கூடாது. கிளைமாக்ஸுக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று அவர் கேட்பார், அவர் கேட்பது நியாயமாகவும் இருக்கும். அதனால்தான் சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும்.

ஒருவரே பணம் போடுவதானால் தனிநபர் நிறுவனமே போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, நல்லது. படம் நட்டப்பட்டாலும், தனிப்பட்ட ஜாமீன் எதிலும் கையெழுத்துப் போடாதவரை, பங்குதாரர்களின் வீடும் வயலும் தப்பும். எல்எல்பி வைத்தால் மே 30, அக்டோபர் 30 என்ற இரண்டு தேதிகளை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். படமே எடுக்காத ஆண்டிலும் அந்தத் தேதிகளுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். நம் பக்கத்தில் முதலீடு பெரும்பாலும் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளிடமிருந்தும் வளைகுடாவில் வேலை செய்யும் உறவினர்களிடமிருந்தும் வருகிறது. “நமக்குள் எதற்கம்மா எழுத்து” என்பார்கள். கொடுத்தது வட்டிக் கடனா, லாபத்தில் பங்கா என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

தேதி குறிப்பதில் நெல்லைக்காரருக்குத் தனிப் படிப்பே வேண்டும். பச்சை வயல் வேண்டுமென்றால் பிசானப் பருவத்தை நம்புங்கள்: வடகிழக்கு மழையில் நட்ட பயிர் மார்கழி, தை மாதங்களில் கண்ணுக்கு நிறைவாக நிற்கும், பங்குனியில் போனால் அறுத்த தாள்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெளிப்புறக் காட்சி வைப்பவர் கதையில் மழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று மைக்கில் வேறு எதையும் கேட்கவிடாது. அதே மாதங்களில் குற்றாலத்தில் சீசன், தென்காசி வரை விடுதி வாடகை ஏறிக்கிடக்கும். திசையன்விளையிலிருந்து குதிரைமொழி வரையுள்ள தேரிகளின் செம்மணல் படத்தில் அவ்வளவு அழகு! ஆனால் ஜெனரேட்டர் வண்டி உள்ளே போகாது, லென்ஸ் மாற்றும்போது மணல் நுழையும். அங்கே காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் எடுக்கிற காட்சிகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

கொடை விழாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரையிலும் ஆடியிலும் ஏதாவது ஓர் ஊரில் அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடந்துகொண்டே இருக்கும். குழாய் ஒலிபெருக்கி கட்டினால் விடிய விடியப் பாட்டு. நீங்கள் படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிபவர் என்றால் வசனம் கெடுவது ஒரு தொல்லை. பின்னணியில் கேட்கும் சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டியது இன்னொரு தொல்லை. டீக்கடை ரேடியோவுக்கும் இதே நிலைதான். காட்சி எடுக்கும் நேரத்துக்கு மட்டும் ரேடியோவை நிறுத்தச் சொல்லி, நின்றுபோகும் வியாபாரத்துக்கு ஈடு கொடுத்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நான் நேரடி ஒலியைத்தான் சொல்வேன். நம் ஊர் ஆச்சி ஒருத்தி தன் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சைச் சென்னை டப்பிங் அறையில் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பெரிய கம்பெனியால் வாங்க முடியாத சொத்து நம்மிடம் இருக்கிறதென்றால் அது இந்தப் பேச்சுதான்.

கேமராவும் விளக்குகளும் பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும். வந்து போகும் நாட்களுக்கும் வாடகை உண்டு, கூட வரும் உதவியாளர்களுக்குப் பேட்டா, அறை, சாப்பாடு உண்டு. பயண நாளுக்குப் பாதி வாடகை என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கட்டமாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில் எடுத்து முடியுங்கள். சாப்பாட்டுக்கு உள்ளூர்த் தவசிப்பிள்ளை (சமையல்காரர்) ஒருவரை அமர்த்துவது ஓட்டல் பார்சலைவிட மலிவு, குழுவும் முகம் சுளிக்காமல் வேலை செய்யும்.

அனுமதிகளில் புதியவர்கள் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது ட்ரோனில்தான். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் என்று நம் மாவட்டத்தின் தென்பகுதி முழுக்கப் பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள இடங்கள். ட்ரோன் பறக்கும் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தடையுள்ள சிவப்பா, அனுமதி வேண்டிய மஞ்சளா, பச்சையா என்று பார்க்காமல் ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் எதையும் பறக்கவிடாதீர்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மாஞ்சோலை எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாத கதை மலையடிவாரத்தோடு நிற்கட்டும். ஆடு, மாடு, சேவல் எது நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். தணிக்கைக்குப் போகும்போது அந்தச் சான்றைக் கேட்பார்கள். பீடி பிடிக்கிற தாத்தா இல்லாமல் முக்கூடல் பக்கத்துக் கதை எழுதுவது கடினம். அவர் திரையில் பீடி பற்றவைத்தால் படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் எச்சரிக்கைப் படம், அந்தக் காட்சியின் கீழே எச்சரிக்கை வரி, இவை கட்டாயம்.

ஊர்க்காரர்களை நடிக்கவைத்தால் அன்றன்றைக்கே மாலையில் கூலி கொடுத்துவிடுங்கள். பீடி சுற்றும் பெண்கள் நமக்காக ஒரு நாள் முறத்தை எடுத்து வைத்தால் அவர்களுடைய அன்றைய வரும்படி நின்றுபோகிறது. பட ஆசையைக் காட்டி இலவசமாக நிற்கவைப்பதைப் போன்ற கேவலம் இந்தத் தொழிலில் வேறில்லை. பணம் கொடுக்கும்போதே ஒப்புதல் கடிதத்திலும் கையெழுத்து வாங்குங்கள். நையாண்டி மேளக்காரர்களும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களும் வாசித்ததைப் பதிவு செய்தால், எங்கெல்லாம் பயன்படுத்தப் போகிறோம் என்று அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் சட்டப்படி கலைஞருக்குரிய உரிமை உண்டு.

தணிக்கைக்கு இணையவழியில் விண்ணப்பித்து, சென்னை மண்டல அலுவலகத்தில் படத்தைக் காட்ட வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்திருக்கிறது, சான்றிதழும் நிரந்தரமாகச் செல்லும். பெரியவர்களுக்கு மட்டும் என்ற ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்பதைத் திரைக்கதை எழுதும்போதே இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள். ஊர் மைதானத்தில் திரை கட்டிக் காட்டுவதாக இருந்தாலும் சான்றிதழுக்குப் பிறகுதான்.

தியேட்டரில் விற்கும் டிக்கெட்டில் முதலில் ஜிஎஸ்டியும் கேளிக்கை வரியும் போகும். மிச்சத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான் நம் பங்கு. அதிலும் விநியோகஸ்தர் கமிஷன், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், போஸ்டர் செலவு கழியும். விநியோக ஏரியாக்களில் நெல்லை-குமரி சிறியதுதான். இருந்தாலும் நம் பேச்சும் நம் நிலமும் உள்ள படத்துக்கு இங்கே முதல் வாரம் கூட்டம் வர வாய்ப்பு அதிகம். எல்லா ஏரியாவிலும் ஒரே நாளில் வெளியிட்டுக் கைக்காசைக் கரைக்காமல், நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவிலில் விளம்பரத்தைக் குவியுங்கள். எங்கள் படம் ஓடிய நாட்களில் அதில் நடித்த பீடி சுற்றும் பெண்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தத் தொழில் கொடுக்கிற சம்பளங்களில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான். வங்கியில் அதைப் போட முடியாது என்பதால் மற்ற வரவுகளையும் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாதாமாதம் வாடகை கட்டவைக்கும் வேலையை மதியுங்கள். நகைக் கடை, ஜவுளிக் கடை விளம்பரம், கல்லூரி ஆண்டு விழா, கொடை விழாப் பதிவு எல்லாமே கேமராக்காரருக்கும் எடிட்டருக்கும் சோறு போடுகின்றன. அரசு மானியமோ விருதோ வந்தால் மகிழ்ச்சி. பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் அதை எழுதாதீர்கள். மூலப் பதிவுகளை மூன்று பிரதிகளாக மூன்று இடங்களில், அதில் ஒரு பிரதியையாவது மாடியில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் வண்ணார்பேட்டைக்கும் சிந்துபூந்துறைக்கும் வந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக உரிமைப் பத்திரம். பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் உரிமை 60 ஆண்டுகள், முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். ஓடிடிக்கோ தொலைக்காட்சிக்கோ எழுதிக் கொடுக்கும்போது காலத்தையும் நிலப்பரப்பையும் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் வாங்க வருகிறவர் நீட்டும் தாளில் “நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்றுதான் அநேகமாக அச்சாகியிருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு ஆண்டைக் குறியுங்கள், மறுத்தால் விலையை ஏற்றுங்கள். எந்த உரிமை யாரிடம், எந்தத் தேதிவரை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உரிமை திரும்பிவர ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்தவரிடம் பேசத் தொடங்கிவிடுங்கள்.