அரைமண்டி: முட்டி நோகாமல் உட்காரப் பழகுவது எப்படி

முட்டியை இரு பக்கமும் விரித்து மடக்கி, பாதி உட்கார்ந்தபடி நிற்கும் பரதநாட்டிய நிலைதான் அரைமண்டி. பரதம் கற்க வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "எவ்வளவு கீழே உட்காருகிறாய் என்பதைப் பிறகு பார்ப்போம். முட்டி எந்தப் பக்கம் போகிறது, அதைக் கவனி."

பன்னிரண்டு வயதில் "இன்னும் உட்கார், இன்னும்" என்ற குரலுக்குப் பயந்து, பாதத்தை மட்டும் முறுக்கித் திருப்பி உட்கார்ந்தவள் நான். முட்டி முன்பக்கமே நின்றது. இரண்டு வருடம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் வலித்தது.

சுவரில் முதுகைச் சாய்த்துச் சமபாதத்தில், அதாவது இரு பாதமும் சேர்த்து நேராக, நில்லுங்கள். குதிகால்கள் ஒட்டியிருக்க, தொடையை இடுப்பு மூட்டிலிருந்தே வெளியே திருப்புங்கள். பாதம் அதன் பின்னால் தானாக வரும். இடுப்பு எவ்வளவு தருகிறதோ, இன்றைக்கு அவ்வளவுதான். இனி முட்டியை மடக்கி இறங்குங்கள். முதுகு சுவரை விட்டு விலகக் கூடாது. எதிரே கண்ணாடி வைத்துப் பாருங்கள்: முட்டி கால்விரல்களுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். உள்ளே சரிந்தால் பாதத்தின் திருப்பத்தைக் குறையுங்கள். பத்து எண்ணும் வரை இருந்து எழுந்திருங்கள். மூன்று முறை போதும்.

அடுத்து தட்டடவு: உள்ளங்காலால் தரையைத் தட்டும் அடவு, அதாவது அடிப்படை ஆட்ட அசைவு. "தையா தை" சொல்லி முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டும் தட்டுங்கள். உள்ளங்கால் முழுதும் ஒரே நேரத்தில் விழுந்தால் 'தப்' என்று ஒற்றைச் சத்தம் வரும். குதிகால் முந்தினால் சத்தம் இரண்டாகப் பிரியும். கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். மரத்தரை கிடைத்தால் நல்லது. டைல்ஸ் மேல் வேண்டாம்.

காலைத் தூக்கும்போது உடம்பு எழும்புவதுதான் எல்லோருக்கும் வரும் பிழை. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். அரைமண்டியில் இருக்கும்போது உச்சந்தலை இருக்கும் உயரத்தில் குறுக்கே ஒரு நூல் கட்டுவேன். அடவு முடியும்வரை நூல் தலைமுடியில் உரசிக்கொண்டே இருக்க வேண்டும்; தள்ளப்படவும் கூடாது, விலகவும் கூடாது.

சிதம்பரம் போனால் கிழக்குக் கோபுர வாசலுக்குள் கொஞ்சம் நில்லுங்கள். கை, கால், உடல் சேர்ந்த நடன அசைவுகளான 108 கரணங்களும் நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன. கைகளை அப்புறம் பார்க்கலாம். அந்தச் சிற்பப் பெண்களின் தொடை இடுப்பிலிருந்து எப்படி விரிகிறது என்று பாருங்கள். நான் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை என் மாணவிகள் அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

பயிற்சியில் தொடை எரிந்தால் பயப்படாதீர்கள், தசை வேலை செய்கிறது. முட்டியின் உள்பக்கம் சுருக்கென்றால் மட்டும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.