மேசையில் தெரியாத பிழைகள்: கைபேசிச் செயலி வடிவமைப்போருக்கு

கைபேசிச் செயலிகளில் நாம் காணும் குறைகள் பலவும், பெரிய கணினித் திரையில் வரைந்து அங்கேயே சரிபார்த்து முடிப்பதால் வருபவை. ஆகவே ஒவ்வொரு திரையையும் உண்மையான கைபேசியில் ஏற்றி, ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

அப்போது முதலில் அகப்படுவது பொத்தானின் அளவு. தொடுபரப்பு குறைந்தது 44 × 44 பாயிண்ட் இருக்க வேண்டும் என்று ஆப்பிளும், 48 × 48 டிபி இருக்க வேண்டும் என்று கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைனும் பரிந்துரைக்கின்றன. பாயிண்ட், டிபி இரண்டும் திரையின் பிக்சல் அடர்த்தி மாறினாலும் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றும் அலகுகள். ஐகான் சிறியதாகவே இருக்கலாம். அதைச் சுற்றித் தொடுதலை ஏற்கும் பரப்புதான் இந்த அளவை எட்ட வேண்டும். அளவு சரியாக அமைந்தாலும் 'சேமி', 'நீக்கு' இரண்டையும் ஒட்டி வைத்தால் பயனில்லை. நீக்கும்போதெல்லாம் 'உறுதியா?' என்று கேட்பதைவிட, நீக்கியதைச் சில நொடிகளுக்குள் மீட்க வழி தருவதே மேல் என்பேன். அடிக்கடி வரும் கேள்விக்குப் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்த விரல் பழகிவிடும்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வடிவமைப்பாளரின் திரையில் நேர்த்தியாகத் தோன்றும், வெயிலில் காணாமற்போகும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற ஒளிர்வு விகிதமாவது வேண்டும். கைபேசி அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கியும் பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுவது அன்றாடக் காட்சி.

பயனரின் பொறுமையை மிகவும் சோதிப்பவை படிவங்களே. தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் எண் விசைப்பலகை வர வேண்டும். எண்களுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதினால் அதை நீக்கிக்கொள்வது செயலியின் வேலை, அதற்காகப் பயனரைத் திருப்பி அனுப்பலாகாது. கடவுச்சொல்லின் விதிகளைப் பிழை நேர்ந்தபின் அல்ல, தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'தவறான உள்ளீடு' என்பதால் யாருக்கும் எதுவும் விளங்காது; 'பிறந்த ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதவும்' என்று உரிய கட்டத்தின் கீழேயே காட்டி, ஏற்கெனவே நிரப்பிய மற்றவற்றை அழியாமல் வைத்திருக்க வேண்டும்.

செயலியைத் திறந்தவுடன் கேமரா, இருப்பிடம், தொடர்புகள் என அனுமதிகளை அடுக்கடுக்காகக் கேட்பது கேடு. ஐபோனில் ஒருமுறை மறுத்துவிட்டால் அதே கேள்வியைச் செயலி மீண்டும் எழுப்ப இயலாது. பயனரே அமைப்புகளுக்குச் சென்று மாற்ற வேண்டும். படம் எடுக்கும் பொத்தானை அழுத்தும்போது கேமராவுக்கு அனுமதி கேட்டால் காரணம் தானே விளங்கும்.

இறுதியாக, படிவம் பாதி நிரம்பியிருக்கும்போது இணைய இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். வெற்றுத் திரையோ முடிவின்றிச் சுழலும் வட்டமோ தோன்றினால், அந்தத் திரை இன்னும் முடியவில்லை.