பள்ளி நூலக, ஆவண உதவியாளர் பயிற்சி: முதலில் கைக்கு வரவேண்டிய வேலைகள்

ஒரு புத்தகம் தன் இடத்திலிருந்து நான்கு தட்டு தள்ளி நின்றுவிட்டால் அது தொலைந்த புத்தகம்தான். பதிவேட்டில் இருக்கும், கணினியில் இருக்கும், அதே அறையிலும் இருக்கும். கேட்டு வந்த பிள்ளைக்கு மட்டும் கிடைக்காது. பள்ளியின் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேட்டுக்கும் குழுப்படத்துக்கும் இதே கதிதான். முத்திரை குத்துவதிலிருந்து பெட்டிக்கு எண் போடுவது வரை நீங்கள் கற்கப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் நோக்கம் ஒன்றே: நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வேறொருவர் வந்தாலும், யாரையும் கேட்காமல், தேடியதை எடுத்துவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: அடுக்குங்கள்

கணினியில் உட்கார ஆசையாக இருக்கும். ஆனால் அலமாரியில் தொடங்குவதுதான் நல்லது. புத்தகம் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கும் கைக்கும் பழகிய பிறகு அட்டவணை எளிதாகப் புரியும்.

பெரும்பாலான பள்ளி நூலகங்களில், மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறைதான் இருக்கும். அறிவுத்துறைகளை 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்கும் முறை இது. 500 என்றால் அறிவியல், 530 இயற்பியல். தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் புனைகதை. இந்த எண்ணும் ஆசிரியர் பெயரின் முதல் சில எழுத்துகளும் சேர்ந்தது அழைப்பு எண். பேச்சில் கால் நம்பர் என்பார்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது புள்ளிக்குப் பிறகு வரும் எண்களில்தான். 530.4, 530.11, 530.092 என்று மூன்று புத்தகங்கள் கையில் இருந்தால் 4, 11, 92 என்று எண்ணி அதே வரிசையில் வைத்துவிடுவார்கள். சரியான வரிசை நேர் எதிர்: 530.092, 530.11, 530.4. புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும். தடுமாறினால் பூஜ்யம் சேர்த்து நீளத்தைச் சமப்படுத்துங்கள்: 530.092, 530.110, 530.400. இப்போது தெளிவாகிவிடும்.

அடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். தள்ளுவண்டியிலேயே புத்தகங்களை வரிசைப்படுத்திவிட்டு அலமாரிக்குப் போங்கள். இல்லாவிட்டால் ஒரே அலமாரியைப் பத்துமுறை சுற்றுவீர்கள். ஒவ்வொரு தட்டிலும் கடைசி 10 முதல் 15 செ.மீ. காலியாக இருக்கட்டும். இறுக்கி அடைத்தால் பிள்ளைகள் புத்தகத்தின் முதுகு உச்சியில் விரலை மாட்டி இழுப்பார்கள். அங்கேதான் முதலில் கிழியும். எடுக்க வேண்டிய புத்தகத்தின் இரு பக்கத்திலும் உள்ளவற்றைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பிடித்து எடுக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட ஒருமுறை காட்டினால் போதும்.

தினமும் காலையில் 15 நிமிடம், ஓர் அலமாரியை மட்டும் எடுத்துக்கொண்டு முதுகு எண்களை இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போங்கள். இடம் மாறியவற்றைச் சரிசெய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நூலகம் உயிரோடு இருப்பது இதனால்தான்.

புதுப் புத்தகம் வந்தால்

இங்கே வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டினால் பின்னால் திருத்த முடியாது.

1. விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள்: தலைப்பு, பதிப்பு, பிரதிகளின் எண்ணிக்கை. பிறகு பக்கங்களைப் புரட்டுங்கள். அச்சில் பக்கங்கள் பெரும்பாலும் 8 அல்லது 16 கொண்ட படிவங்களாகச் சேர்வதால், விட்டுப்போனாலும் தலைகீழானாலும் ஒரு கொத்தாகவே போகும். முத்திரை குத்திய புத்தகத்தை விற்றவர் திரும்ப வாங்கமாட்டார். அதனால்தான் இது முதல் படி.

2. முதுகை மேசையில் ஊன்றி நிமிர்த்திப் பிடியுங்கள். முன் அட்டையையும் பின் அட்டையையும் விரியுங்கள். முன்னாலிருந்து சில தாள்கள், பின்னாலிருந்து சில தாள்கள் என்று மாறிமாறி அழுத்தி நடுவுக்கு வாருங்கள். பசை ஒட்டிய புத்தகத்தை எடுத்த எடுப்பில் நடுவில் விரித்தால் முதுகுப் பசை வெடித்து, அந்த இடத்தில் தாள் கழன்று வரும்.

3. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுங்கள்: சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள், விலை, வந்த வழி. ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண். புத்தகத்தைக் கழித்துவிட்டாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. தவறாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசினால் பதிவேட்டின் நம்பகம் போய்விடும்.

4. முத்திரை: தலைப்புப் பக்கத்தின் பின்புறம், கடைசிப் பக்கம், உங்கள் நூலகம் எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஓர் இரகசியப் பக்கம். எழுத்தின் மேலும் படத்தின் மேலும் விழக் கூடாது. மை காயும்வரை மூடாதீர்கள்.

5. பகுப்பு எண் கண்டு கணினியில் ஏற்றுங்கள்.

6. முதுகு லேபிளைக் கீழ்விளிம்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. உயரத்தில், எல்லாப் புத்தகத்திலும் ஒரே அளவில் ஒட்டுங்கள். முதுகு மெலிந்த சிறுவர் புத்தகத்துக்கு முன் அட்டையின் கீழ் இடமூலை.

ஐந்தாம் படியில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: ஆசிரியர் பெயர். நம் பெயரில் முன்னெழுத்து முன்னால் நிற்கும், ஆனால் தேடுபவர் இயற்பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார். எனவே ‘மு. வரதராசன்’ அட்டவணையில் ‘வரதராசன், மு.’ ஆக வேண்டும். புனைபெயர் வந்தால் ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதையே எங்கும் எழுதுங்கள். மற்ற வடிவத்திலிருந்து ‘காண்க’ குறிப்பு போடுங்கள். ‘கல்கி’ ஓரிடத்திலும் ‘கிருஷ்ணமூர்த்தி, ரா.’ இன்னோரிடத்திலும் இருந்தால் ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் இரண்டாக உடையும்.

அகரவரிசையையும் சோதியுங்கள். தமிழ் அகரவரிசை தெரியாத மென்பொருள், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள ஒருங்குறி (யூனிகோட்) எண்ணை வைத்தே அடுக்கும். அதில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்து வந்துவிடும், ‘ஜ’ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் புகுந்துவிடும். நம் வரிசையிலோ ‘ன’ மெய்களில் கடைசி. கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்னால். பட்டியலை அச்செடுக்கும் முன் இந்த இரண்டு எழுத்துகளையும் பாருங்கள். பிழை இருந்தால் அங்கே தெரியும்.

இரவல் மேசை

திரும்பி வந்த புத்தகத்தை முதலில் கணினியில் வரவு வையுங்கள், பிறகு பிரித்துப் பாருங்கள், அதன்பின் வண்டிக்கு. வரவு வைக்காமல் அடுக்கிய ஒரு புத்தகம் போதும், திருப்பித் தந்த பிள்ளை மேல் நிலுவை ஏறி வீண்பழி வரும். நிலுவைப் பெயர்களை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம். தனிச் சீட்டாகக் கொடுங்கள். யார் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். பிள்ளைக்கு இதுவும் ஒரு மரியாதை.

“மரத்தைப் பத்தி புக் இருக்கா?” என்று வந்து நின்றால் உடனே 580-க்கு ஓடாதீர்கள். “வகுப்பு வேலைக்கா, சும்மா படிக்கவா? படம் வேணுமா?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மரம் நடுவது பற்றியும் இருக்கலாம், மரப்பொம்மை செய்வது பற்றியும் இருக்கலாம்.

சிறு பழுதுகள்

செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும்; மேலிருக்கும் பட்டை உதிர்ந்தாலும் கறை போகாது. இரவல் புத்தகத்தின் கிழிசலுக்கு அமிலமற்ற பழுதுபார்ப்பு நாடா போதும். ஆவணங்களில் அதுவும் கூடாது.

பள்ளி நூலகத்தில் அதிகம் வரும் பழுது, கெட்டி அட்டைப் புத்தகத்தின் உள்ளே அட்டை தளர்ந்து ஆடுவது. புத்தகத்தை நிறுத்தி மேலிருந்து பாருங்கள்: அட்டைக்கும் தாள்கட்டுக்கும் நடுவே, அட்டை மடங்கும் இடமான கீல் ஓரத்தில் ஓர் இடைவெளி தெரியும். நீண்ட பின்னல் ஊசியை வெள்ளைப் பி.வி.ஏ. பசையில் தோய்த்து, சொட்டாதபடி துடைத்து, அந்த இடைவெளிக்குள் இறக்கி உருட்டுங்கள். மேலிருந்து பாதி, புத்தகத்தைத் திருப்பிக் கீழிருந்து பாதி. அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவே மெழுகுத்தாள் வையுங்கள். அட்டையின் வெளிக்கீல் பள்ளத்தில் இன்னோர் ஊசியைப் படுக்க வைத்து, மேலே எடை ஏற்றி, ஓர் இரவு விடுங்கள். பசை அதிகமானால் பிதுங்கி முதல் தாளை அட்டையோடு ஒட்டிவிடும். குறைவான பசையே நல்லது, போதாவிட்டால் மறுநாள் இன்னொருமுறை செய்யலாம்.

நனைந்த புத்தகத்துக்கு 48 மணி நேரம்தான் அவகாசம், அதற்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சற்று விரித்து நிறுத்தி, தாள்களுக்கிடையே உறிஞ்சுதாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். பளபளப்பான தாள் பிரிக்காமல் உலர்ந்தால் பக்கங்கள் கல்லாக ஒட்டிவிடும். உடனே கவனிக்க ஆளில்லாவிட்டால் மெழுகுத்தாளில் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

ஆவணப் பகுதி: தொடும் முன்

நூலகத்தில் புத்தகம் போனால் இன்னொரு பிரதி வாங்கலாம். பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு, ஆசிரியர் கூட்டக் குறிப்பேடு, விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரல், குழுப்படம் இவையெல்லாம் உலகில் ஒன்றே ஒன்றுதான். எனவே இங்கே வேகம் வேண்டாம்.

பெட்டி வந்ததும் அடுக்கத் துடிக்கும் கையைக் கட்டுங்கள். மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். யார் தந்தது, என்றைக்கு, எத்தனை கட்டு என்று சீட்டு எழுதுங்கள். ஒருவரிடமிருந்து வந்ததை இன்னொருவர் தந்ததோடு கலக்காதீர்கள். முதலில் இருந்த வரிசையையும் கலைக்காதீர்கள். ஒரு தலைமையாசிரியர் கடிதத்தையும் கணக்குச் சீட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தால், அந்தக் கட்டே ஒரு செய்தி. பொருள்வாரியாகப் பிரித்துவிட்டால் அந்தச் சீட்டு எதற்கென்று யாருக்கும் தெரியாது.

மேசையில் உணவு, தண்ணீர், பேனா எதுவும் கூடாது, பென்சில் மட்டும். தாளுக்குக் கையுறை தேவையில்லை, கழுவி நன்றாக உலர்த்திய கைதான் நல்லது. துணிக் கையுறையில் விரல் உணர்வு மழுங்கி ஓரம் கிழியும். புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை அணியுங்கள், ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னை, பின் எடுக்கும் கருவியால் பிடுங்காதீர்கள். தாள் பிய்ந்து கையோடு வரும். தாளைக் கவிழ்த்து வையுங்கள். பின்னின் மடிந்த கால்களுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் படலத் துண்டை நுழையுங்கள். இப்போது மெல்லிய தட்டைக்கரண்டியைப் படலத்தின் மேல் வைத்து, கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பிறகு தாளைத் திருப்பி, முன்புறமும் படலத்தை நுழைத்து, பின்னை நேராக மேலே தூக்குங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். எடுத்த பிறகு வேறு கிளிப் வேண்டாம். அந்தத் தாள்களை ஓர் அமிலமற்ற கோப்புறைக்குள் வைத்தாலே சேர்ந்து இருக்கும்.

லேமினேட் செய்வது பலருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். வெப்பமும் பசையும் உள்ளே போனால் திரும்ப எடுக்க வழியில்லை. இங்கே செய்வது எதுவும் நாளை பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

குழுப்படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் முகங்களில் தெரியும். மை அடுத்த படத்தில் ஒட்டும். சுத்தமான கண்ணாடி மேல் கவிழ்த்து, மென்மையான பென்சிலால், விளிம்பில், எண்ணை மட்டும் எழுதுங்கள். பெயர்களை எழுத நகல் எடுத்து, முகங்களுக்கு எண் போட்டு, ‘நிற்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று தனித்தாளில் குறியுங்கள். பெயர் சொன்னவர் யார், எந்தத் தேதியில் என்பதையும் சேருங்கள். பழைய குறிப்பு தவறென்று தெரிந்தாலும் அழிக்காதீர்கள். உங்கள் திருத்தத்தைச் சதுர அடைப்புக்குள் தனியாக எழுதுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆறு விவரம் கட்டாயம்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த நிலை விவரணை. நிலை என்றால் முழுத் தொகுதியா, வரிசையா, ஒரு கோப்பா, ஒரு தாளா என்பது. ‘பழைய போட்டோக்கள், 1 பெட்டி’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. ‘ஆண்டு விழாப் படங்கள், 1968–1974, 43 கறுப்பு வெள்ளைப் படங்கள்’ என்றால் தேடுபவருக்குப் பெட்டியைத் திறக்காமலே தெரியும்.

அறை ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். 35 முதல் 50-க்குள் இருப்பது நல்லது, ஏறி இறங்காமல் இருப்பது அதைவிட நல்லது. பெட்டிகளைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். நாப்தலீன் உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிள்ளைகளுக்குக் கெடுதல். பூச்சி வருகிறதா என்று பார்க்க ஒட்டுப்பொறி வைத்து வாரம் ஒருமுறை எண்ணிக் குறியுங்கள்.

மதிப்பெண், உடல்நலம், ஒழுங்கு நடவடிக்கை சார்ந்த பதிவேடுகள் பூட்டுக்குள் இருக்கட்டும். முன்னாள் மாணவரே கேட்டாலும் நீங்களாகக் காட்டாமல், கோரிக்கையை எழுதி வாங்கி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். சுவையான பழைய படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்வதும் இதில் அடங்கும்.

ஸ்கேன்

எழுத்துத் தாளுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), புகைப்படத்துக்கு 600. மூலப்படியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்து, பார்க்கக் கொடுக்க ஜேபெக் நகல் எடுங்கள். கோப்புப் பெயர் பெட்டி, கோப்புறை, தாள் எண்ணாக இருக்கட்டும்: 003-012-0001. ‘புதிய ஸ்கேன் கடைசி’ என்று பெயரிட்ட கோப்பை ஆறு மாதம் கழித்து உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை வேறு கட்டடத்தில் உள்ள அந்தப் பிரதியிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத கோப்பு இருந்தால், மூலத்தாள் இன்னும் கையில் இருக்கும்போதே மறுபடி ஸ்கேன் செய்துவிடலாம்.