1.030-இல் நின்றுபோன ஸ்ட்ராங் ஏல் பீர்: ஈஸ்ட் அளவு பற்றி என் அனுபவம்

வீட்டில் பீர் காய்ச்ச பிரிட்டனில் விற்கும் 1.7 கிலோ மால்ட் (முளைவிட்ட பார்லியின் கெட்டிச் சாறு) டின்னின் மூடிக்கடியில் இருக்கும் ஈஸ்ட் 6, 7 கிராம்தான். 23 லிட்டரில் 1.040 ஒப்படர்த்தியுள்ள (நீர் 1.000; சர்க்கரை கூடினால் எண் கூடும், நொதிக்க நொதிக்க இறங்கும்) சாதாரண ஏலுக்கு அது போதும். இரண்டு டின்னும் 1.5 கிலோ உலர் மால்ட்டும் சேர்த்து 20 லிட்டராக்கினால் 1.080-ஐ நெருங்கும். அதற்கு 11.5 கிராம் ஈஸ்ட் பாக்கெட் இரண்டு போடுகிறேன். குறைந்தால் நொதித்தல் 1.030 பக்கம் நின்றுவிடலாம்.

உலர் ஈஸ்ட்டை இவ்வளவு இனிப்பான வோர்ட்டில் (நொதிக்காத மால்ட் கரைசலில்) நேராகத் தூவாதீர்கள். சர்க்கரைச் செறிவைத் தாங்காமல் கணிசமான செல்கள் இறந்துவிடலாம். கொதித்து ஆறிய, 25-30 டிகிரி நீர் 230 மில்லியில் தூவி, கால் மணி நேரம் விட்டு, மெல்லக் கலக்கி ஊற்றுங்கள். வோர்ட் 18-20 டிகிரியில், நன்றாகக் காற்றேற்றியதாக இருக்கட்டும்.

நின்றுபோனதை மீட்க, முதலில் 21 டிகிரிக்குச் சூடேற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி நொதிக்கும் வாளியை மெல்லச் சுழற்றுவேன். மூன்று நாளாகியும் ஹைட்ரோமீட்டர் (ஒப்படர்த்தி அளக்கும் கருவி) காட்டும் எண் இறங்காவிட்டால், 100 கிராம் உலர் மால்ட்டை 1 லிட்டர் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, புதுப் பாக்கெட் ஒன்றைப் போட்டு, நுரை பொங்கும் நேரத்தில் முழுவதையும் வாளியில் சேர்ப்பேன். பாக்கெட்டில் தூங்கும் ஈஸ்ட்டை நேராக ஆல்கஹாலில் போட்டால் விழிப்பது அரிது, அதனால்தான் இப்படி. இந்தக் கட்டத்தில் காற்றேற்றவே கூடாது, சுவை கெடும். 1.020 அளவுக்கு இறங்கி, மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டில். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.